தஞ்சாவூரே ஒரு காலத்தில் 'வெளிநாடு'



வழக்கம்போல நீளமான பதிவு. நாலு வரி படித்துவிட்டு 'அருமை டீச்சர்' என்று போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை கடைசி வரை படியுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளுக்கு உதவும் செய்தி கடைசியில்தான் இருக்கிறது.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். "டீச்சர், தண்ணீர் மேட்டூரிலிருந்து வரணும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கணும், இதுதான் நம்ம கவலை. டெல்லியில் வெளியுறவுத் துறைன்னு ஒன்னு இருக்கு. மந்திரி விமானத்தில் போறார், கை குலுக்குறார், வர்றார். அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்தில் நானே இந்தத் துறையை 'அயல்நாடுகளுடன் நட்புறவு பேணும் துறை' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு படித்ததில்தான் தெரிந்தது, அந்தத் துறைக்கும் தஞ்சாவூருக்கும் இரண்டு நூற்றாண்டுக் கணக்கு இருக்கிறது என்று.

சோழர் காலத்திலிருந்து ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், படம் வந்த பிறகு அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். அந்தச் செப்பேடு நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் அதற்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதர்கள் சீனத்துக்குப் போயிருக்கிறார்கள். பிறகு நாயக்கர் காலத்தில், 1620ல், ரகுநாத நாயக்கர் டென்மார்க் நாட்டுக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தார். சுற்றுலா கூட்டிப்போனபோது நீங்கள் ஏறி விளையாடினீர்களே, அந்த டேனிஷ் கோட்டைதான். அதாவது, அதுவரை வெளியுறவு என்பதைத் தஞ்சாவூரிலிருந்து தஞ்சாவூர்தான் நடத்தியது.

அது எப்போது கை மாறியது என்பதுதான் கதை.

மராத்தியர் ஆட்சியில் துளஜா ராஜா காலம். 1773 செப்டம்பரில் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் படை, கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் துணையோடு தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. ராஜாவைக் குடும்பத்தோடு காவலில் வைத்தார்கள். இத்தனைக்கும் 1762ல் நவாபுக்கும் தஞ்சாவூருக்கும் நடந்த உடன்படிக்கைக்குக் கம்பெனிதான் ஜாமீன். ஜாமீன் நின்றவனே திருடனோடு வந்த கதை. இது லண்டனில் பெரிய சத்தமாகிவிட்டது. கம்பெனியின் இயக்குநர்கள் நாட்டைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு போட்டு, பிகட் பிரபுவைச் சென்னைக்குக் கவர்னராக அனுப்பினார்கள். அவர் 1776 ஏப்ரலில் தஞ்சாவூருக்கு நேரில் வந்து துளஜாவை மறுபடி அரியணையில் உட்கார வைத்தார்.

உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனிக்காரர் கிளம்பினார். "நவாபுக்கு நான் கடன் கொடுத்திருக்கிறேன், அதற்குத் தஞ்சாவூர் வருமானத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் குடிகளுக்கும் கடன் கொடுத்திருக்கிறேன், நிற்கிற பயிரே எனக்கு ஈடு" என்று உரிமை கேட்டார். கேட்ட தொகை மொத்தம் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல். அத்தனை பணம் அவரிடம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே பலர் கேட்டார்கள். இதில் சென்னைக் கவுன்சிலே இரண்டுபட்டது. 1776 ஆகஸ்டில் கவுன்சில்காரர்கள் தங்கள் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு பிகட் காவலிலேயே இறந்துபோனார். நம் வயலில் நின்ற பயிருக்காக ஒரு கவர்னர் உயிர் போயிருக்கிறது. இதை யாராவது பாடத்தில் வைத்திருந்தால் வரலாறு வகுப்பில் நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

இந்த மாதிரி சமஸ்தானங்களோடு பேரம், ரகசியம், படை, உடன்படிக்கை என்று கம்பெனிக்கு வேலை கூடிக்கொண்டே போனது. 1783 செப்டம்பர் 13ஆம் தேதி கல்கத்தா வில்லியம் கோட்டையில் 'ரகசிய, அரசியல் காரியங்களை'க் கவனிக்க வாரன் ஹேஸ்டிங்ஸ் நிர்வாகத்துக்கு உதவியாகத் தனித் துறை ஒன்றை ஏற்படுத்தத் தீர்மானித்தார்கள். இன்றைய வெளியுறவு அமைச்சகத்தின் வேர் அதுதான். நட்புறவு பேணப் பிறந்த துறை இல்லை, பார்த்தீர்களா? அந்தத் துறைக்கு 'வெளி' என்பது மைசூர், ஹைதராபாத், மராத்தா நாடு. தஞ்சாவூரும் அந்தப் பட்டியல்தான்.

தஞ்சாவூர் அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக 'ரெசிடெண்ட்' என்று ஒரு துரை உட்கார்ந்திருந்தார். தூதர் மாதிரி வந்தவர், போகப்போக ராஜாவுக்குமேல் ராஜா. அவர் சென்னைக் கவர்னருக்கு எழுதுவார், பெரிய முடிவுகள் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போகும். இரண்டாம் சரபோஜி 1798ல் பட்டத்துக்கு வந்தார். 1799 அக்டோபர் 25 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. அவருக்கு மிஞ்சியது கோட்டை, ஆண்டுக்கு 1 லட்சம் பகோடா, நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பிளாக்பர்ன் என்ற அதிகாரி 20 ஆண்டுகளுக்கு மேல் இங்கே ரெசிடெண்டாக இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை அவ்வளவு பெரிதாகச் சரபோஜி வளர்த்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆள்வதற்கு நாடு இல்லாத ராஜாவுக்குப் படிக்க நேரம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தார்கள். டல்ஹௌசி காலம், மகள் வாரிசு ஆக முடியாது என்று சமஸ்தானமே முடிந்தது என்றார்கள். ஓராண்டு கழித்து, 1856 அக்டோபரில், ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரி சிப்பாய்களோடு அரண்மனைக்குள் நுழைந்து, நகை, பாத்திரம், பத்திரம் எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்துக் காவல் போட்டார். ராஜாவின் சொந்தச் சொத்தும் அதில் அடக்கம்.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. "ராஜ்யம் போகட்டும், என் கணவரின் சொந்தச் சொத்தை எப்படி எடுக்கலாம்?" என்று சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அரண்மனைக்குள் இருந்த பெண் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தார், வென்றும் காட்டினார். கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனது. 1859ல் அங்கே தீர்ப்பு மாறியது. எடுத்தது நியாயம் என்று அவர்கள் சொல்லவில்லை. இது ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் செய்த 'அரசின் செயல்', நியாயமோ அநியாயமோ அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்றார்கள். சட்டக் கல்லூரியில் இந்த வழக்கை இன்றும் 'காமாட்சி பாய் வழக்கு' என்று நடத்துகிறார்கள். வக்கீலாக இருக்கும் நம் மாணவர்கள் படித்திருப்பீர்கள். 1862ல் அரசாங்கம் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. உரிமை என்று அல்ல, தயவு என்று.

இந்த வழக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'வெளிவிவகாரம்' என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால் கேள்வி கேட்க இடமே இல்லை. நம் ஊர் அப்படித்தான் அந்தத் துறையின் கோப்புக்குள் போனது.

அதே காலத்தில் நம் ஜனங்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மொரிஷியஸ், இலங்கை, பினாங்கு, நேட்டால், பிறகு பிஜி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். பண்ணை வேலையும் பஞ்சமும் சேர்ந்து தள்ளியவர்கள்தான் பெரும்பாலும். இவர்களைக் கவனிப்பது வெளிவிவகாரத் துறையின் வேலை என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. அந்தத் துறைக்கு சமஸ்தானத்து ராஜாக்களும் ஆப்கானிஸ்தான் எல்லையும்தான் முக்கியம். கடல் கடந்த கூலிகள் விவகாரம் 1920, 30களில் எந்தத் துறையில் இருந்தது தெரியுமா? கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றுக்கான துறையில்! பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பட்டா, கூடவே மலாயாவில் ரப்பர் பால் எடுக்கிறவர்.

இந்த இடத்தில்தான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார், அதுவும் ஒரு வாத்தியார். வலங்கைமானில் 1869ல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை, கும்பகோணத்தில் படித்தவர். மாயவரம் முனிசிபல் பள்ளியில் ஆசிரியர், பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். நெஸ்ஃபீல்டு எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்திலேயே தப்புக் கண்டுபிடித்துத் திருத்தியவர் என்று பெயர். 1907ல் வேலையை விட்டுவிட்டுக் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1921ல் லண்டன் பேரரசு மாநாடு, ஜெனீவா சர்வதேச சங்கம், வாஷிங்டன் கடற்படை மாநாடு. 1922ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. போன இடமெல்லாம் அவர் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் அசந்துபோனார்கள். 'வெள்ளி நாக்கு' என்ற பட்டம் சும்மா வரவில்லை.

1927ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் போனார். தூதர் என்று சொல்ல முடியாது, நாடு அடிமை நாடு. ஆனால் வேலை அதுதான். அங்கே கரும்புத் தோட்டத்துத் தமிழர், தெலுங்கர் பிள்ளைகளுக்கு மேல்படிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் இடம் இல்லை என்று பார்த்தார். டர்பனில் பணம் திரட்டிக் கல்லூரி கட்ட வழி செய்தார். அதுதான் சாஸ்திரி கல்லூரி. வாத்தியார் எங்கே போனாலும் முதலில் பள்ளிக்கூடம்தான் கட்டுவார். எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டேன். ரொம்ப மிதவாதி. 1936 கடைசியில் மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை கொடுக்கப் போனார். பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று எழுதினார். மற்றபடி நிலைமை மோசமில்லை என்கிற தொனி. அங்கிருந்த இந்தியர் சங்கத்துக்குக் கோபம் வந்தது. எனக்கும் அவர்கள் பக்கம்தான் சரி என்று படுகிறது. 1938ல் மலாயாவுக்கு உதவிப் பணத்தில் கூலி ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. சாஸ்திரியார் கடைசிக் காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். சுதந்திரத்தைப் பார்க்காமல் 1946 ஏப்ரலில் காலமானார்.

அதே 1946 அக்டோபர் 9ல் இந்திய வெளியுறவுப் பணி என்ற ஐ.எஃப்.எஸ். உருவானது. கடல் கடந்த இந்தியர் விவகாரம் 1941ல் தனித் துறையாகி, காமன்வெல்த் உறவுத் துறை என்று பெயர் மாறி, சுதந்திரத்தின்போது வெளிவிவகாரத் துறையோடு சேர்ந்தது. ராஜாக்களின் துறையும் கூலிகளின் துறையும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. என் பார்வையில் இந்தத் துறை வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான். நேரு 1964ல் இறக்கும்வரை அந்த இலாகாவைத் தன்னிடமே வைத்திருந்தார்.

ஆனால் கூரை ஒன்றானதும் குணம் மாறிவிடவில்லை. 1964 அக்டோபரில் சாஸ்திரி (இவர் பிரதமர் லால் பகதூர்) சிறிமாவோவோடு ஒப்பந்தம் செய்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974ல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். நெல் மூட்டை பிரிக்கிற மாதிரி. அந்த ஜனங்களை யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். 'உன் சொந்த ஊர் எது' என்று பதிவேட்டுக்காகக் கேட்டேன். ஹட்டன் என்றாள். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து போனார் என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை 'தாயகம் திரும்புதல்' என்பது வெளிநாடு போவதுதான்.

இனி பாஸ்போர்ட். காமாட்சி பாயை நினைவு வைக்கச் சொன்னேன் அல்லவா? சுதந்திரம் வந்து 20 ஆண்டுகள் ஆகியும் பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் இஷ்டப்பட்டால் கொடுப்பது, வேண்டாமென்றால் பிடுங்குவது. அதற்கென்று சட்டமே இல்லை. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்றார்கள். வெளிவிவகாரம், அரசின் விருப்பம் என்ற பழைய வாதம்தான். 1967 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் மூவர், வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது, சட்டம் இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். தலைமை நீதிபதி சுப்பாராவ் அதில் ஒருவர். அதன் பிறகுதான் அவசரமாக அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இன்று தஞ்சாவூர் சேவா கேந்திராவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, ஏன் தாமதம் என்று நீங்கள் அதட்டிக் கேட்கிறீர்களே, அந்தக் குரல் 1967ல் கிடைத்தது.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு வழக்கு. குடகைச் சேர்ந்த முத்தம்மா, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1949ல் ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியில் பெண் கல்யாணம் செய்துகொள்ள அரசாங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று தோன்றினால் ராஜினாமா கேட்கலாம். ஆணுக்கு இந்த விதி இல்லை. பதவி உயர்வு மறுத்தபோது துறையையே சுப்ரீம் கோர்ட்டுக்கு இழுத்தார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வைக் கொடுத்து, விதியையும் நீக்குவதாகச் சொல்லித் துறை தப்பித்தது. 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் வழக்கை முடித்துவைத்தாலும், அந்த விதியைக் கடுமையாகச் சாடாமல் விடவில்லை.

இப்போது நம் வீட்டு விஷயம். 1990ல் குவைத்தில் ஈராக் நுழைந்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை ஜோர்டான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். அந்த மாதங்களில் என் வகுப்பில் சில பிள்ளைகள் அப்பா பேர் ரேடியோவில் வருமா என்று காத்திருந்தது ஞாபகம். இது துறையின் நல்ல முகம். ஆனால் போர் வந்தால்தான் விமானம் வரும். தனி ஆள் மாட்டிக்கொண்டால்?

என்னிடம் படித்த ஒரு பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். பேர் வேண்டாம். நிலத்தை ஒத்திக்கு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டி, வளைகுடா நாடு ஒன்றுக்கு விசிட் விசாவில் போனான். "அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். ஏழு மாதம் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் முதலாளி கையில். அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் வந்து அழுதார். தூதரகத்துக்கு எழுதினோம், 'மதத்' இணையதளத்தில் புகார் பதிந்தோம். அவர்கள் உதவாமல் இல்லை. ஒரு வழிப் பயணத்துக்கான எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுத்து ஊர் வந்து சேர்ந்தான். சம்பளம் வரவில்லை. வேலைக்கு வந்தவன் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லையே, எதை வைத்துக் கேட்பது? நிலம் இன்னும் ஒத்தியில்தான் இருக்கிறது.

அந்தக் காகிதம் எது என்று சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். இவர்கள் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், 1983 குடியேற்றச் சட்டப்படி குடியேற்றப் பாதுகாவலரிடம் அனுமதி வாங்கவேண்டும். அப்போது முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்ற ஒப்பந்தம் அரசாங்கப் பதிவில் ஏறும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் சேரும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிரீமியம் வெறும் 275 ரூபாய். விசிட் விசாவில் போகிறவனுக்கு இது எதுவும் இல்லை. ஏஜெண்டுகள் விசிட் விசாவை விரும்புவது ஏன் என்று இப்போது புரியும். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கேட்கக்கூடாது. ரசீது தராதவருக்குப் பணம் தராதீர்கள்.

முன்பு இந்தப் பாதுகாவலர் வேலை தொழிலாளர் துறையில் இருந்தது. 2004ல் வெளிநாடுவாழ் இந்தியருக்கு என்று ஓர் அமைச்சகம் வந்து, 2016ல் அது வெளியுறவு அமைச்சகத்தோடு இணைந்தது. அதனால் இப்போது கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான்.

பத்தாம் வகுப்பில் தவறி வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் தனித்தேர்வராக எழுத வையுங்கள். கணக்குக்கும் சமூக அறிவியலுக்கும் நான் சொல்லித்தருகிறேன், மாலையில் வீட்டுக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் மலாயா பாஸ்போர்ட், ரஜூலா கப்பல் டிக்கெட், இலங்கைக் குடியுரிமைப் பத்திரம், பினாங்கிலிருந்து வந்த மணியார்டர் துண்டு ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி அனுப்பினால் போதும், சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான்.